வாலிபால் பந்து: தோலும் காற்றும்

கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே யோசிக்கலாம். கால்பந்தில் காலடியில் நிறுத்தி நிமிர்ந்து பார்க்கலாம். வாலிபாலில் அந்தச் சலுகை கிடையாது. பந்து கையில் தங்கினால் விசில், தரையில் பட்டால் புள்ளி போச்சு. விரல் நுனியிலோ முன்கையிலோ பட்டு மீளும் கணநேரத்துக்குள் எங்கே போக வேண்டும் என்பதைப் பந்துக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் மேல்தோல் விரலை எவ்வளவு பிடிக்கிறது, பந்து எவ்வளவு அமுங்குகிறது, அமுங்கியது எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்பதற்கெல்லாம் இங்கே மதிப்பு அதிகம். இருந்தும் பந்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது நிறத்தையும் பெயரையும்தான். பந்தின் குணத்தில் பெரும்பங்கு வகிக்கும் காற்றழுத்தத்தை அளந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

எஃப்ஐவிபி எனப்படும் சர்வதேச வாலிபால் கூட்டமைப்பின் விதிப்புத்தகம் பந்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உருண்டையாக இருக்க வேண்டும். வெளியே நெகிழ்வான தோல் அல்லது செயற்கைத் தோல், உள்ளே ரப்பர் அல்லது அதையொத்த பொருளாலான பிளாடர் எனும் காற்றுப்பை. நிறம் ஒரே சீரான வெளிர் நிறமாகவோ பல நிறங்களின் சேர்க்கையாகவோ இருக்கலாம். சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. எடை 260 முதல் 280 கிராம். உள்ளழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது 4.26 முதல் 4.61 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஒரே ஆட்டத்தில் பயன்படும் பந்துகள் அனைத்தும் சுற்றளவு, எடை, அழுத்தம், வகை, நிறம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எஃப்ஐவிபி நடத்தும் பெரிய போட்டிகளில் ஐந்து பந்துகள் சுழற்சியில் இருப்பதால் இந்தக் கடைசி விதி அங்கே வெறும் சம்பிரதாயமாக இருக்க முடியாது. ஒரு பந்து சற்றே மெத்தென்றும் அடுத்தது கல் போலவும் வந்தால், சக ஆட்டக்காரர் அடிப்பதற்கேற்பப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் திணறிப்போவார்.

மேலே சொன்ன மூன்று அளவுகளில் சுற்றளவும் எடையும் தயாரிப்பாளர் கையில் இருக்கின்றன. காற்று மட்டும் உங்கள் கையில். நல்ல பந்தைக் கெடுப்பதும் சுமாரான பந்தை ஆடத் தகுந்ததாக்குவதும் அந்த ஒன்றுதான்.

முதல் பந்து

1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோலியோக் நகரத்து ஒய்எம்சிஏ-வில் வில்லியம் ஜி. மார்கன் இந்த ஆட்டத்தை வகுத்தபோது இதற்கென்று தனிப் பந்து கிடையாது. கூடைப்பந்து கனம் அதிகம், கை தாங்கவில்லை. அதன் உள்ளே இருக்கும் பிளாடரை மட்டும் எடுத்து ஆடினால் அது காற்றில் மெதுவாக அலைந்து, ஆட்டமே சோம்பிப்போனது. இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்று ஸ்பால்டிங் நிறுவனத்திடம் கேட்டு வாங்கினார்கள். ரப்பர் பிளாடருக்கு மேல் தோல் அல்லது கித்தான் உறை, சுற்றளவு 25 முதல் 27 அங்குலம், எடை 9 முதல் 12 அவுன்ஸ் என்பது அன்றைய விதி. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 63.5 முதல் 68.6 செ.மீ., 255 முதல் 340 கிராம். இன்றைய பந்தும் இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது. நூற்றாண்டுக்கும் மேலாக மாறியது முக்கியமாகப் பொருளும் கட்டுமானமும்தான். அளவைப் பொறுத்தவரை முதல் ஊகமே கிட்டத்தட்டச் சரியாக அமைந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது

உள்ளரங்கப் போட்டிப் பந்தை வெட்டிப் பார்த்தால் நான்கு அடுக்குகள் தெரியும். உள்ளே பிளாடர். அதற்கு மேல் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல், எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்டிருக்கும். நூலின் மேல் மெல்லிய ரப்பர் ஓடு. அதற்கு மேல் ஒட்டப்பட்ட மேல்தோல் துண்டுகளான பேனல்கள்.

பிளாடர் இரண்டு வகை. பியூட்டைல் ரப்பர் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஒருமுறை அடித்தால் வாரக்கணக்கில் தாங்கும். லேடெக்ஸ் மென்மையாகத் துள்ளும், தொடுகை இதமாக இருக்கும், ஆனால் இரண்டொரு நாளிலேயே காற்றை இழக்கத் தொடங்கும். தினமும் பந்தைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் லேடெக்ஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் இதமான தொடுகை சரியான அழுத்தத்தில் இருக்கும்போது மட்டும்தான். காற்று குறைந்துவிட்டால் அந்த நன்மையும் போய்விடும்.

நூல் சுற்று வெளியே தெரியாது, விளம்பரத்திலும் அதிகம் வராது. ஆனால் பந்து உருண்டையாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். பிளாடர் வெறும் ரப்பர், எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் உப்பும். நூல் எல்லாப் பக்கமும் சம இறுக்கத்தில் சுற்றப்பட்டிருந்தால் அது உப்ப விடாது. மலிவான பந்துகளில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். நூலைக் குறைத்திருப்பார்கள் அல்லது நூலுக்குப் பதில் துணித்துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். புதிதில் வித்தியாசம் தெரியாது. சில மாதங்கள் ஓங்கி அடிபட்ட பிறகு பந்து முட்டை வடிவத்துக்குத் திரும்பும். காலால் உதைப்பதும் மேலே உட்காருவதும் இதே சேதத்தைச் சீக்கிரமாகவே செய்துவிடும். நூல் ஒருமுறை இடம் பெயர்ந்தால் அதைத் திரும்ப இழுத்து வைக்க வழியில்லை.

நூல் சுற்றிய உருண்டையை அச்சில் வைத்து ரப்பர் ஓட்டோடு சேர்த்துச் சூடேற்றி இறுக்குவார்கள். அந்த அச்சு ஓட்டின் மேல் மெல்லிய வரம்புகளைப் பதித்துவிடும். பேனல்களைக் கையால் ஒட்டுபவருக்கு அவையே எல்லைக்கோடு. பேனலின் விளிம்பு மெலிதாகச் சீவப்பட்டிருக்கும், இல்லையென்றால் இரண்டு பேனல் சேருமிடத்தில் மேடு தட்டும். நல்ல பந்துகளில் பேனல் நுண்ணிழைச் செயற்கைத் தோலாக இருக்கும், சிலவற்றில் அதன் அடியில் மெல்லிய நுரைப்படலமும் உண்டு. கீழ்மட்டப் பந்துகளில் பிவிசி. பிவிசி வியர்வை பட்டதும் வழுக்கும், குளிரில் விறைக்கும்.

இயற்கைத் தோல் தொடுகையில் இன்றும் சிறந்ததாகப் பலர் சொல்வார்கள். பழகிய பின் அந்தப் பேச்சு உண்மைதான். புதிதில் வழவழவென்று இருக்கும், சில வாரப் பயிற்சிக்குப் பிறகே கைக்கு வசப்படும். ஈரத்தை உறிஞ்சி எடை கூடும். 275 கிராமில் தொடங்கிய பந்து ஈரம் ஏறி 280-ஐத் தாண்டிவிட்டால் விதிப்படி அது ஆட்டத்துக்கு ஆகாது. நுண்ணிழைத் தோல் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு கட்டுமானம் தையல். துணி உள்ளொட்டு வைத்த பேனல்களை உட்புறம் வெளியே வரும்படி தைத்து, திருப்பி, பிளாடரை உள்ளே நுழைத்து, கடைசித் தையலைக் கையால் மூடுவார்கள். நூல் சுற்றோ ரப்பர் ஓடோ இல்லாததால் பந்து மென்மையாக இருக்கும். மணல் ஆட்டத்துப் பந்துகள் வழக்கமாக இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது எளிது. இணைப்பின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து விலக்கிப் பாருங்கள். நூல் தெரிந்தால் தையல், வெறும் பள்ளம் மட்டும் என்றால் ஒட்டு. இந்த வேறுபாடு பழுதின்போது உதவும். தைத்த பந்தில் பிளாடர் கிழிந்தால் நாலைந்து தையலைப் பிரித்து மாற்றிவிடலாம். ஒட்டிய பந்தில் பிளாடர் போனால் பந்தே போனதுதான்.

பதினெட்டு, எட்டு, மறுபடியும் பதினெட்டு

பழைய வெள்ளைப் பந்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆறு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இணையான மூன்று பட்டைகள், மொத்தம் 18 பேனல்கள். ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களை ஊதி உருண்டையாக்கியது போன்ற அமைப்பு. பக்கத்துத் தொகுதிகளின் பட்டைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடும். ஒரு சதுரத் தோலை உருண்டையின் மேல் சுருக்கமில்லாமல் படிய வைப்பது கடினம், ஒடுங்கிய பட்டையைப் படிய வைப்பது எளிது. அதனால்தான் ஒவ்வொரு முகத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள்.

1998-இல் எஃப்ஐவிபி வெள்ளையை விட்டுவிட்டு நீலம், மஞ்சள், வெள்ளை கலந்த பந்துக்கு மாறியது. தொலைக்காட்சியில் பந்து தெரிய வேண்டும் என்பதோடு அதன் சுழற்சியும் தெரிய வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆட்டக்காரருக்கும் இது உதவியது. எதிரணி சர்வீஸ் சுழன்று வருகிறதா, சுழலாமல் மிதந்து வருகிறதா என்பதை நிறக்கோடுகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மிகாசா நிறுவனத்தின் எம்விஏ200 பந்து வந்தது. வளைந்து பின்னிக்கொள்ளும் எட்டே பேனல்கள், மேற்பரப்பு முழுதும் கோல்ஃப் பந்தில் உள்ளதைப் போன்ற குழிகள். லண்டன் 2012-லும் ரியோ 2016-லும் இதே பந்துதான். 2019-இல் அதன் இடத்துக்கு வந்த வி200டபிள்யூ மீண்டும் 18 பேனலுக்குத் திரும்பியது. ஆனால் பழைய நேர்ப்பட்டைகள் போய்ச் சுழல் வடிவம் வந்தது. குழிகள் இரண்டு அளவில், மேலே வியர்வையில் வழுக்காதபடி நுண்பூச்சு. இணைப்புகள் குறைந்தால் நல்லது என்று எட்டுக்குப் போனவர்கள், இணைப்புப் பள்ளங்களுக்கும் பறப்பில் பங்கு உண்டு என்று திரும்பி வந்தார்கள் என்பது என் வாசிப்பு. மிகாசாவைப் போலவே ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு நிறுவனமான மோல்டென், தன் வி5எம்5000 பந்தில் குழிகளுக்குப் பதிலாக அறுகோணப் புடைப்புகளைப் பதித்தது. எஃப்ஐவிபி ஒப்புதல் இரண்டுக்கும் உண்டு. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. எந்தப் பந்தில் போட்டியோ அதே பந்தில் பயிற்சி செய்யுங்கள் என்று பயிற்சியாளர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

குழியும் பள்ளமும் என்ன செய்கின்றன? ஃப்ளோட் சர்வீஸை எடுத்துக்கொள்வோம். சுழற்சியே இல்லாமல் அடித்த பந்து வலையைத் தாண்டியதும் திடீரென்று இடதுபக்கம் நழுவும் அல்லது தொப்பென்று இறங்கும். பந்தை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப்படலம் ஓடுகிறது. குறைந்த வேகத்தில் அது பந்தின் பாதியிலேயே பிரிந்துவிடும், பின்னால் பெரிய சுழிக்கூட்டம் உருவாகிப் பந்தை இழுத்துப் பிடிக்கும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் படலம் கொந்தளிப்பாக மாறி, பந்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தூரம் ஒட்டிப்போகும். பின்னால் இருக்கும் சுழிப்பகுதி சுருங்கும், இழுவை பாதியைவிடக் குறைந்துவிடும். வாலிபால் பந்தின் அளவுக்கு இந்த மாற்றம் நிகழ்வது நொடிக்கு சுமார் 10 முதல் 20 மீட்டர் வேகத்துக்குள். ஃப்ளோட் சர்வீஸ் வலையைக் கடக்கும் வேகமும் அதே எல்லைக்குள்தான் இருக்கிறது.

இந்த வரம்பு பந்தைச் சுற்றிலும் ஒரே நேரத்தில் தாண்டப்படுவதில்லை என்பதே சிக்கல். இணைப்புப் பள்ளம் இருக்கும் பக்கத்தில் படலம் முன்கூட்டியே கொந்தளிக்கும், வழுவழுப்பான பக்கத்தில் தாமதமாகும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாததால் பந்து ஒரு பக்கம் தள்ளப்படும். பந்து கால்வட்டம் திரும்பினாலே பள்ளம் வேறு இடத்துக்குப் போய், தள்ளும் திசையும் மாறிவிடும். சர்வீஸ் போடும் ஆட்டக்காரர்கள் வால்வை எப்போதும் ஒரே திசையில் வைத்துப் பிடிப்பது மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். எந்த முகம் காற்றைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்துப் பறப்பு மாறத்தான் செய்யும். எந்தத் திசை நல்லது என்பது பந்துக்குப் பந்து வேறுபடும் என்பதால், ஒரு திசைக்குப் பத்து சர்வீஸ் என்று போட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதே வழி.

ஓங்கி அடிக்கும் ஜம்ப் சர்வீஸில் இந்தத் தொல்லை குறைவு. வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டிவிட்டால் படலம் ஏற்கெனவே கொந்தளிப்பில் இருக்கும். அங்கே ஆட்டத்தை நடத்துவது முன்சுழற்சி, அதுதான் பந்தைக் கீழே வளைக்கும்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் மாற்றம் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும் என்பதைப் பயிற்சிக்காரர்கள் மனதில் வைக்க வேண்டும். குழிகள் தேய்ந்து பளபளக்கும் பழைய பந்தில் சர்வீஸைப் பழகிவிட்டு, போட்டியன்று புதுப்பந்தில் அதே விசையில் அடித்தால், இழுவை குறைந்து பந்து பின்கோட்டைத் தாண்டிப் போக வாய்ப்பு அதிகம். சர்வீஸ் பயிற்சிக்கு மிகப் பழைய பந்துகளை ஒதுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. என்னைக் கேட்டால் பழைய பந்துகளைத் தரையில் விழுந்து எடுக்கும் டிஃபன்ஸ் பயிற்சிக்குத் தள்ளிவிட்டு, சர்வீஸுக்கு நல்ல பந்துகளைத் தர வேண்டும்.

காற்று

அனுமதிக்கப்பட்ட அழுத்த இடைவெளி 0.025 கிலோதான். அது எவ்வளவு குறுகலானது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

பந்தின் உட்கொள்ளளவு ஏறக்குறைய நாலேகால் லிட்டர். ஒரு தள்ளலுக்கு 100 மி.லி. காற்று தரும் சிறு கைப்பம்பை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு தள்ளலும் அழுத்தத்தை சுமார் 0.024 கிலோ கூட்டும். அதாவது ஒரே ஒரு தள்ளல், விதி தரும் முழு இடைவெளியையும் விழுங்கிவிடும். “இன்னும் ரெண்டு தள்ளு” என்று சொல்வதற்குள் பந்து விதியைத் தாண்டிப் போயிருக்கும். கார் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரைப் பந்துக்கு மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது வெப்பம். பந்துக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.0045 கிலோ கூடும். 20 டிகிரி அறையில் சரியாக 0.31-க்கு நிரப்பிய பந்து 30 டிகிரி அரங்கத்துக்குள் போனால் 0.355-ஐத் தொடும். எதிர்த்திசையில் 10 டிகிரி குறைந்தால் 0.265-க்கு இறங்கும். இரண்டுமே விதிக்கு வெளியே. ஆடப்போகும் இடத்தில் பந்தை அரைமணி நேரமாவது விட்டுவைத்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

உயரமும் கணக்கில் வரும். அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் 0.31-க்கு நிரப்பிய பந்தை 1000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், வெளிக்காற்று குறைந்ததால் மானி 0.42-க்கு மேல் காட்டும். மலைமேல் நடக்கும் போட்டிக்குப் போகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பந்துகளின் காற்றைத் திருத்த வேண்டும். திருத்திய பிறகும் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து சற்றே தூரம் போகும், அதற்கு மருந்தில்லை.

மானி வாங்கும்போது அளவுகோலைப் பாருங்கள். டயர் மானி 50, 60 பிஎஸ்ஐ வரை போகும். அதில் 4.26-க்கும் 4.61-க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். முழு அளவு 1 கிலோ அல்லது 15 பிஎஸ்ஐ உள்ள, காற்றை வெளிவிடும் பொத்தான் பொருத்திய மானி வேண்டும். சில மானிகள் பார் அலகில் இருக்கும். விதியின் எல்லை அங்கே 0.294 முதல் 0.319 பார். கிலோவுக்கான எண்ணை அப்படியே பார் அளவில் நிரப்பினால் மேல் எல்லையில் சற்றே தாண்டிப்போகும்.

காற்றடிக்கும் முறை இது. ஊசியைக் கிளிசரினிலோ சிலிக்கான் எண்ணெயிலோ தொட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் இல்லையென்றால் தண்ணீராவது. பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், வேண்டாம். வால்வுக்கு நேர் செங்குத்தாக வைத்து, மெல்லத் திருகியபடி உள்ளே விடுங்கள். சாய்வாகக் குத்தினால் வால்வின் உதடு கிழியும், மிக ஆழமாகத் தள்ளினால் எதிர்ப்பக்கப் பிளாடரில் ஊசி முனை படலாம், குறிப்பாகக் காற்றே இல்லாத பந்தில். தேவைக்குச் சற்று அதிகமாக, 0.34 அளவுக்கு நிரப்புங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள், அமுக்கிய காற்றில் சூடு இருக்கும். பிறகு மானியை மாட்டி, பொத்தானைத் தட்டித் தட்டி 0.31-க்கு இறக்குங்கள். கீழிருந்து ஏற்றுவதைவிட மேலிருந்து இறக்குவதில்தான் துல்லியம் கிடைக்கும்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேல்தோல் தடிமனான பந்து குறைந்த காற்றிலும் கெட்டியாகத் தெரியும். நுரை அடிப்படலம் உள்ள பந்து அதிகக் காற்றிலும் மெத்தென்று இருக்கும். மானி இல்லாத இடத்தில், ஏற்கெனவே அளந்து வைத்த அதே மாதிரிப் பந்து ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தோள் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். ஒரே உயரத்துக்கு எழும்பினால் போதும்.

காற்று அதிகமானால் முன்கை சிவக்கும், எடுத்த பந்து கட்டுக்கடங்காமல் மேற்கூரைக்குப் போகும், செட்டரின் விரல்களில் பந்து தங்காமல் தட்டித் தெறிக்கும், இரட்டைத் தொடுகை என்று விசில் வரும். தொடர்ந்து அப்படியே வைத்தால் நூல் இளகும், பேனல் விளிம்புகள் தூக்கும். காற்று குறைந்தால், வலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்பைக்கில் வேகம் போகும், செட்டரின் கையில் பந்து அமுங்கித் தேங்கும், ஒவ்வோர் அடிக்கும் ஓடு அதிகமாக மடங்குவதால் ஒட்டுப்பசை வெடிக்கத் தொடங்கும். காற்றில்லாமல் ஆடினால் பந்து பிழைக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தை.

காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் வால்வின் மேல். அதன் மேல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், குமிழி வந்தால் தூசியோ வறட்சியோதான். ஒரு சொட்டுக் கிளிசரினை ஊசியால் உள்ளே விட்டு இரண்டு மூன்று முறை இழுத்தால் பல நேரம் சரியாகிவிடும். வால்வில் குமிழி இல்லாமல் இணைப்பில் வந்தால் பிளாடரில் ஓட்டை.

காற்றுக் குறைவைத் தராசு காட்டாது. தளர்ந்த பந்தை முழுதாக நிரப்பினாலும் கூடும் எடை ஒன்றரை கிராம் அளவுதான்.

மணலுக்கு வேறு பந்து

கடற்கரை வாலிபால் பந்தின் சுற்றளவு 66 முதல் 68 செ.மீ. எடை அதே 260 முதல் 280 கிராம். அழுத்தம் மட்டும் 0.175 முதல் 0.225 கிலோ, அதாவது 2.49 முதல் 3.20 பிஎஸ்ஐ. உள்ளரங்கப் பந்தின் மூன்றில் இரண்டு பங்குக் காற்றுதான். அதே விசையில் கையில் படும்போது பந்து ஒன்றரை மடங்கு பரப்பில் அமுங்கும். தொடுகை நீளும், வேகம் குறையும். இரண்டே பேர் முழு மைதானத்தையும் காக்கும் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் அவகாசம் தேவைப்படுகிறது. பெரிய உருவம் காற்றில் அதிகமாக அலையும். அதை ஆட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எஃப்ஐவிபி போட்டிகளில் நெடுநாள் புழங்கிய மிகாசா விஎல்எஸ்300-ம், அமெரிக்காவின் ஏவிபி என்ற தொழில்முறைக் கடற்கரை வாலிபால் தொடர் பயன்படுத்தும் வில்சன் பந்தும் இந்த வகை.

உள்ளரங்கப் பந்தின் காற்றைக் குறைத்து மணலில் ஆடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடலாம், பந்துதான் பாவம். மணல் துகள்கள் ஒட்டிய இணைப்புகளுக்குள் புகுந்து விளிம்பை அறுக்கும், ஈரம் பசையைத் தளர்த்தும், வெயிலில் நுண்ணிழைத் தோலின் பூச்சு உதிரும். மணல் பந்தை அரங்கத்துக்குள் 0.31-க்கு நிரப்புவதும் தவறு. நூல் சுற்று இல்லாத பந்து அந்த அழுத்தத்தில் உப்பி, தையல் துளைகள் விரிந்துவிடும்.

சிமெண்ட் தரையிலும் கட்டாந்தரையிலும் ஆடுபவர்களுக்கு ரப்பர் மேல்தோல் பந்துதான் கட்டுப்படியாகும். கைக்கு வலிக்கும், தேய்மானம் குறைவு. விலையுயர்ந்த நுண்ணிழைப் பந்தைக் கட்டாந்தரையில் தேய்த்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

சின்னக் கைகளுக்கும் செட்டர் விரல்களுக்கும்

முழு அளவுப் பந்து 5-ஆம் எண். சிறுவர்களுக்கான 4-ஆம் எண் பந்தின் சுற்றளவு 62 முதல் 64 செ.மீ. அதிலும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று 240 முதல் 260 கிராம், இன்னும் சிறியவர்களுக்கான இலகு பந்து 200 முதல் 220 கிராம். ஜப்பானில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் இலகு பந்திலும் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் சாதாரண 4-ஆம் எண்ணிலும் ஆடுகிறார்கள். அங்கேயே சாஃப்ட் வாலிபால் என்ற ஆட்டத்துக்கு 77 முதல் 79 செ.மீ. சுற்றளவுள்ள, 210 கிராம் அளவிலான ரப்பர் பந்தும் இருக்கிறது.

எட்டு வயதுக் குழந்தையிடம் போட்டிப் பந்தைக் கொடுத்தால் முதலில் கெடுவது கையின் வடிவம். வலிக்குப் பயந்து கை முட்டியை மடக்கும், கண்ணை மூடும், விரலால் தள்ளுவதற்குப் பதில் உள்ளங்கையால் அறையும். இந்தப் பழக்கங்கள் பிறகு போவதற்கு ஆண்டுகள் ஆகும். இலகு பந்தில் தொடங்கினால் அந்தப் பயமே வராது. ஆனால் இலகு பந்து மெதுவாக வரும், அதன் தாளத்துக்குக் கால்கள் பழகிவிடும். குழந்தை பத்துப் பாஸை வரிசையாகக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வந்ததும், வாரத்தில் சில நாளாவது அடுத்த எடைக்கு மாற்றத் தொடங்குவது நல்லது.

எதிர்த்திசையில் செட்டர்களுக்கான கனமான பந்துகள். மிகாசா இவற்றை 370, 500, 1000 கிராமில் தருகிறது. விரல், மணிக்கட்டு, கால் உந்துதல் மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கப் பழக்குபவை இவை. கையால் மட்டும் தள்ளினால் கனப்பந்து வலை உயரத்தைத் தாண்டாது, முழங்கால் மடிந்து எழுந்தே ஆக வேண்டும். இதில் மேல்கை செட்டிங் மட்டும், அதுவும் ஒரு பயிற்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே சாதாரணப் பந்துக்கு மாறிச் சில செட்டுகள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய ஆட்டத்தில் எல்லா செட்டும் வலையோரக் கம்பியான ஆன்டெனாவைத் தாண்டிப் போகும். கனப்பந்தை ஸ்பைக் அடிப்பது தோள்பட்டைக்கு நேரடி ஆபத்து.

வாங்கும்போதும் பிறகும்

பந்தை 0.31-க்கு நிரப்பி ஒரு நாள் விட்டுவைத்த பிறகு சோதியுங்கள். தையல்காரர் நாடாவால் மூன்று திசைகளில் சுற்றளவை எடுங்கள், ஒன்று வால்வின் மேலாக, மற்ற இரண்டு அதற்குக் குறுக்காக. மூன்றுக்கும் இடையே அரை செ.மீ. வித்தியாசம் வந்தால் நான் அந்தப் பந்தை எடுக்க மாட்டேன். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறகு பந்தை மேலே எறிந்து, சுழற்றி விட்டு, பக்கவாட்டில் இருந்து கவனியுங்கள். தள்ளாடினால் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் வால்வு பக்கம். கடைசியாக இணைப்புகளின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கேதான் பேனல் முதலில் உரியும்.

பராமரிப்பில் பெரிய இரகசியம் ஏதும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அழுக்கு போகவில்லை என்றால் மிதமான சோப்பு. தண்ணீரில் முக்கக் கூடாது, ஸ்பிரிட், தின்னர் போட்டால் மேற்பூச்சு கரையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பந்துப்பையை விட்டுப் போனால் அழுத்தமும் சூடும் சேர்ந்து பசையைப் பிரித்துவிடும். உரிந்த பேனலின் விளிம்பை ரப்பர் பசையால் திரும்ப ஒட்டலாம், பயிற்சிக்கு ஆகும், போட்டிக்கு ஆகாது. பல மாதம் ஆடப்போவதில்லை என்றால் காற்றைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். முழுதாக வெளியேற்றினால் பேனல்கள் மடிந்து, மடிப்பிலேயே வெடிக்கும்.

பல பந்துகள் வைத்திருக்கும் குழுக்கள் ஒவ்வொன்றிலும் வால்வுக்குப் பக்கத்தில் சிறியதாக ஓர் எண்ணை எழுதிவிட வேண்டும். வாரம் ஒருமுறை நிரப்புவதற்கு முன் அழுத்தத்தைப் பார்த்து எண்ணோடு குறித்து வைத்தால், எந்தப் பந்து மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அந்தப் பந்தைப் போட்டிப் பையிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள்.